இழுக்க மட்டுமே தெரிந்த தசைகள்

உடல் என்னும் பொறி – 9

சென்ற இதழில் விளக்கப்பட்ட முழங்கை மூட்டு கதவின் கீலைப் போல மடங்கவும் நீளவும் வல்லது. ஆனால், அதை இயக்கும் தசைகளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கிய தசையை மீண்டும் நீளச் செய்ய வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும் என்பதால், மூட்டின் முன்புறம் மடக்கும் தசைகளும் பின்புறம் நீட்டும் தசையுமாக எதிரெதிர் அணிகள் அமைந்துள்ளன.

தோள்பட்டை எலும்பில் இரு முனைகளாகத் தொடங்கி, முன்கையின் ஆரை எலும்பில் முடியும் இருதலைத் தசையே உடற்பயிற்சிக் கூடங்களில் பைசெப்ஸ் எனப்படுகிறது. புகழெல்லாம் அதற்கே போனாலும், மடக்கும் வேலையில் பெரும்பங்கு அதன் அடியில் மறைந்திருந்து அரந்தி எலும்பை இழுக்கும் பிரேக்கியாலிஸ் தசையினுடையது. பைசெப்ஸுக்கோ உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. பின்புறமுள்ள முத்தலைத் தசையான டிரைசெப்ஸ், மேசையில் ஊன்றும்போது தட்டுப்படும் முழங்கை முனையைப் பற்றி இழுத்துக் கையை நீட்டுகிறது.

பைசெப்ஸ் இணையும் இடம் மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 அல்லது 5 செ.மீ. தொலைவிலும், சுமையை ஏந்தும் உள்ளங்கை 30 செ.மீ.க்கு அப்பாலும் இருப்பதால், 5 கிலோ சுமையைத் தாங்க மடக்கு தசைகள் அதைப் போலப் பல மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. இது நட்டமான ஏற்பாடு அன்று. தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தூரம் விரைந்து நகர்கிறது.

ஓர் அணி சுருங்கும்போது மற்றது தளரும் விதத்தை, 1932ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் ஆராய்ந்து விளக்கினார்: ஒரு தசையைத் தூண்டும் செய்தி தண்டுவடத்தை அடையும்போதே, எதிர்த்தசைக்குரிய நரம்பணுக்கள் அங்கேயே அடக்கப்படுகின்றன.

பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுவது குறையே. நீர் நிறைந்த குடத்தை மெல்லக் கீழே இறக்கும்போது கை நீள்கிறது. எனினும் அப்போது உழைப்பது டிரைசெப்ஸ் அன்று. கிணற்றுக்குள் வாளியை இறக்குபவர் கயிற்றை இறுகப் பிடித்தபடியே சிறிது சிறிதாக விடுவதுபோல, மடக்கு தசைகளே இழுவிசையைக் கைவிடாமல் நீண்டுகொடுக்கின்றன. ஊசியில் நூல் கோப்பது போன்ற நுண்பணிகளில், கை அசையாதிருக்க இரு அணிகளும் ஒரே நேரத்தில் இறுகுவதும் உண்டு.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்ற சிலருக்குப் பைசெப்ஸுக்கான நரம்புகள் தப்பி, டிரைசெப்ஸ் மட்டும் செயலிழக்கிறது. அவர்களால் கையை மடக்க முடியும். படுத்தபடி மேலே உயர்த்தினாலோ, நீட்டிப் பிடிக்க வழியின்றி அது முகத்தின்மேல் விழும். இத்தகையோருக்குப் பைசெப்ஸின் தசைநாணைப் பிரித்து, பின்புறம் திருப்பி, டிரைசெப்ஸின் நாணுடன் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதன் பின்னரும் அவர்களின் கை மடங்கவே செய்கிறது. பிரேக்கியாலிஸ் தன் இடத்தில்தான் இருக்கிறது.

(தொடரும்)