பிரசவத்தின் பின் குருதிப்போக்கு: எப்போது உதவி நாட வேண்டும்?

பிரசவத்தின் பின் கருப்பை சுருங்குகையில், நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை குருதிக்கசிவு இருப்பது இயல்பே. அது நாளடைவில் குறைதல் வேண்டும். மாறாக, ஒரு மணி நேரத்துள் அணையாடை முழுவதும் நனைந்தாலோ பெரிய இரத்தக் கட்டிகள் வெளியேறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 112ஐ அழையுங்கள். கருப்பை போதியளவு சுருங்காமையோ, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியமையோ இதற்குக் காரணமாகலாம்.

38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு என்பன தொற்றைக் குறிக்கலாம். அன்றே மகளிர் மருத்துவரை நாடுங்கள். மருத்துவர் இல்லாத வேளையில் 116117ஐ அழையுங்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை வெளியே செல்லலாகாதெனத் தாமதித்தல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஹெபம்மே எனப்படும் மருத்துவமாது பிரசவத்தின் பின் 12 வாரங்கள் வரை வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனிப்பார். அச்செலவைச் சட்டமுறை மருத்துவக் காப்புறுதி ஏற்கும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே ஸ்டுட்கார்ட்டில் ஒருவரை ஒழுங்குசெய்துகொள்ளுங்கள்.