ஒரு நகல் போதும்

தேசியப் பங்குச் சந்தை 2010-இல், தரகர்களின் கணினிகளைத் தன் வளாகத்திலேயே வைக்கும் கோ-லொகேஷன் வசதியைத் தொடங்கியபோது, ஒவ்வொரு பேரத்தின் விவரத்தையும் அக்கணினிகளுக்குத் தனித்தனி டி.சி.பி. இணைப்புகளில், ஒருவருக்கு அடுத்து ஒருவராக அனுப்பியது. முந்தி இணைந்தவருக்குச் செய்தியும் முந்திக் கிடைத்தது. நுண்விநாடி முந்தினாலே பணம் பார்க்கும் தொழில் அது. புகார் கிளம்பி, பங்குச் சந்தைகளின் ஒழுங்காற்று அமைப்பான செபி விசாரித்து, 2019 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்பே சந்தை மல்டிகாஸ்ட் முறைக்கு வந்திருந்தது.

மல்டிகாஸ்டில் அனுப்புபவர் ஒரே நகலை விடுகிறார். பாதை பிரியும் இடத்தில் ரவுட்டர்தான் அதைப் பெருக்கும். இதற்கு அடித்தளமிட்டவர் ஸ்டீவ் டீரிங். அவர் எழுதிய இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1112 வெளிவந்தது 1989-இல்.

திருப்பருத்திக்குன்றத்தில் நூறு வீடுகள் ஃபைபர் வழியாக ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் என்றால், தனித்தனி நகல் அனுப்பும் யூனிகாஸ்டில் காஞ்சிபுரத்திலிருந்து வரும் கேபிளில் 800 மெகாபிட் ஓடவேண்டும். மல்டிகாஸ்டில் 8 போதும். பொது இணையத்தில் இம்முறை பரவாமல் போனது பெரிய இழப்பு. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்புகளில் மட்டுமே இன்று அது செழிக்கிறது.

மல்டிகாஸ்டில் ஒரே ஓடையைப் பெறும் குழுவுக்கென்று தனி முகவரி உண்டு: 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை. சொந்த வலையமைப்புக்குள் மட்டும் என்றால் 239-இல் தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலுள்ள செட்-டாப் பெட்டி, ஐ.ஜி.எம்.பி. நெறிமுறை வழியாகத் தனக்கு எந்தக் குழு வேண்டுமென்று பக்கத்து ரவுட்டரிடம் கேட்கும். ரவுட்டர்கள் தங்களுக்குள் பி.ஐ.எம். நெறிமுறையில் பேசி, கேட்டவர் இருக்கும் பக்கம் மட்டும் கிளை விரிக்கும்.

பல ரவுட்டர்களில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை நாம்தான் இயக்கிவிட வேண்டும். அடுத்து, ஓடை நுழையும், வெளியேறும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் பி.ஐ.எம். ஸ்பார்ஸ் மோட். பிறகு ஒரு ரவுட்டரை, அனுப்புபவரும் கேட்பவரும் சந்திக்கும் ரெண்டவூ பாயின்ட்டாக வைத்து, அதன் முகவரியை எல்லா ரவுட்டர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சுவிட்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் இல்லாவிட்டால், கேட்காத போர்ட்டுகளுக்கும் படம் பாயும்.

இவ்வளவும் செய்தும் படம் வராவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆர்.பி.எஃப். சோதனையை. அனுப்பியவரிடம் திரும்பிப் போக எந்த இன்டர்ஃபேஸ் வழி என்று ரவுட்டர் தன் யூனிகாஸ்ட் பாதை அட்டவணையில் பார்க்கும். பாக்கெட் வேறு இன்டர்ஃபேஸில் வந்திருந்தால் வீசிவிடும். பாக்கெட்டுகள் வட்டமடித்துப் பெருகாமல் காப்பது இந்தக் கண்டிப்புதான். ஆகவே மல்டிகாஸ்ட் கட்டளைகளைத் தொடுவதற்கு முன், சாதாரண யூனிகாஸ்ட் பாதைகள் எல்லா ரவுட்டரிலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.