புதுப் பொருளில் கீறலா, துருவா?

வாங்கிய சில வாரங்களிலேயே ஃப்ரிட்ஜ் கதவில் பெயிண்ட் உரிந்தால், "வெளித்தோற்றத்துக்கு வாரண்டி கிடையாது" என்று கடையில் சொல்வதுண்டு. அதோடு விட்டுவிட வேண்டாம். தரத்தில் உள்ள எந்தக் குறையையும் 'குறைபாடு' என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

பொருள் வந்ததும் பிரித்துப் பார்த்து போட்டோ எடுங்கள். கீறல் இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 எண்ணுக்குப் பேசலாம். அதற்கும் தீராவிட்டால், தாம்பரம் பகுதியினர் 2 ஆண்டுக்குள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுத நாங்கள் உதவுகிறோம், பில்லுடன் வாருங்கள்.

நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அந்த நேர்மை வாங்குபவருக்கும் உரியது. நம் வீட்டில் விழுந்த கீறலைக் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது.