லாரியில் ஏறும் குதிரைக்கு தலைக்கயிறு ஏன் இவ்வளவு முக்கியம்?

சென்னை கிண்டியிலிருந்து ஊட்டிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். கோடை ரேஸ் சீசனுக்காக ரேஸ் குதிரைகள் பல ஆண்டுகளாக இந்தத் தூரத்தை லாரியில்தான் கடந்தன. நமக்கு அது ஒரு ராத்திரி பஸ் பயணம், சாய்ந்து தூங்கிவிடலாம். கிட்டத்தட்ட 500 கிலோ எடையுள்ள குதிரை, வழி முழுக்க நின்றுகொண்டே போக வேண்டும்.

'குதிரைதான் நின்னுக்கிட்டே தூங்குமே' என்று தோணலாம். உண்மைதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால், அது அசையாத தரையில். ஓடும் வண்டியில் ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் காலை அகட்டி வைத்துச் சமாளிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கென்றே 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. ஒரு வண்டியில் 4 முதல் 6 குதிரைகள்தான் ஏற்றலாம். தரை வழுக்கக் கூடாது. ஏறி இறங்கச் சாய்தளம் வேண்டும். குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கழி கட்ட வேண்டும். இன்னொன்று கொஞ்சம் சுவாரஸ்யம்: குதிரையின் தலை இடது பக்கம் பார்த்து இருக்கணும். நம்மூரில் எதிர் வண்டிகள் வலப்பக்கம்தானே வரும்!

உண்மையான ஆபத்து எங்கே?

விழுந்து அடிபடுவதைத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால், நீண்ட பயணத்தில் கால்நடை மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது நுரையீரலைப் பற்றி.

மேய்ச்சல் நிலத்தில் குதிரை நாளின் பெரும்பகுதி தலையைக் குனிந்தே இருக்கும். அப்போது மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் தானாக வெளியே வடிந்துவிடும். லாரியில் பாதுகாப்புக்காகத் தலையை உயரமாக, கயிறு இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. தொண்டையில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாக்கள் கீழே இறங்கிப் பெருகும். முகத்துக்கு நேரே தொங்கும் காய்ந்த புல்லின் தூசி வேறு. விளைவு, 'ஷிப்பிங் ஃபீவர்' எனப்படும் நுரையீரல் தொற்று. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பமெல்லாம் தேவையில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைக் கீழே விட வைக்கணும். புல்லை நனைத்துக் கொடுத்தால் தூசி பறக்காது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் குதிரை கொஞ்சம் அடம்பிடிக்கும். வாசனை மாறினால் குடிக்காது. அதனால் அனுபவமுள்ள குதிரைக்காரர்கள் லாயத்துத் தண்ணீரையே கேனில் பிடித்து வந்துவிடுவார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வேலை முடியாது. தொற்று உடனே வெளியே தெரியாது. தீவனத்தைத் தொடாமல் சோர்ந்து நிற்பதும், உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும்தான் முதல் அறிகுறி. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே குதிரையைப் பயிற்சிக்கு இறக்குவார்கள்.