நீல நண்பகல்

டிராம்சோ பாலத்தின் மேல் நண்பர்கள் நாங்கள் நால்வரும் நின்றபோது மணி பகல் 12. சூரியன் இல்லை, ஆனால் இருட்டும் இல்லை. துறைமுகம், மரவீடுகள், பனி மூடிய மலை எல்லாமே சொட்டுநீலம் கொஞ்சம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தன.

நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிய ஊர் இது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். ஆனாலும் டிசம்பர் 21 நண்பகலில்கூட அது அடிவானத்துக்குச் சுமார் 3 டிகிரி கீழேதான் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். அங்கிருந்து கசியும் வெளிச்சம்தான் அந்த நீலம்.

காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வானம் நீலம் என்று பள்ளியில் படித்தோம். அந்தி நேரத்துக்கு அந்த விடை போதாது. அப்போது ஒளி ஓசோன் படலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் மஞ்சளையும் ஆரஞ்சையும் ஓசோன் விழுங்கிவிட, மிஞ்சுவது நீலம். 1953-ல் இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓசோன் என்றால் ஓட்டை மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு இது புதுச் செய்திதான்.

இந்த நீலத்துக்கு ஏற்பக் கண்ணையே மாற்றிக்கொள்கிற விலங்கு ஒன்று அங்கே உண்டு: பனிமான். அதன் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதுபோல, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம். கோடையில் அது பொன்னிறம், குளிர்காலத்தில் கருநீலம். மாதக்கணக்கில் விரிந்தே கிடக்கும் கண்மணியால் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது. படலத்தின் நார்கள் நெருங்குகின்றன. அது எதிரொளிக்கும் நிறம் மாறிவிடுகிறது. இதை 2013-ல் வெளியிட்ட குழுவில் லண்டனின் கிளென் ஜெஃப்ரியோடு டிராம்சோ ஆய்வாளர்களும் இருந்தார்கள். கூர்மை கொஞ்சம் குறையும், மங்கல் ஒளி நன்றாகத் தெரியும். ஓநாயைக் கண்டுகொள்ள அது போதும்.

நமக்கு அந்த வசதி இல்லை என்பது அன்றிரவே தெரிந்தது. துருவ ஒளி பார்க்க வேனில் ஊருக்கு வெளியே போயிருந்தோம். கால் வைத்தால் பனி கிறீச்சிடும் குளிர். ஒரு மணி நேரம் கழித்து மலைக்கு மேல் வெளிறிய பட்டை ஒன்று எழுந்தது. "மேகம்டா" என்றான் ஒருவன். மேகம் நெளிந்தது.

சுமார் 100 கி.மீ. உயரத்தில் சூரியக் காற்றின் உந்துதலால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் அணுக்களைத் தட்டி எழுப்ப, அவை பச்சையாக ஒளிர்கின்றன. பச்சைதான்; சந்தேகமில்லை. ஆனால் மங்கலில் நம் கண்ணில் வேலை செய்பவை நிறம் அறியாத கோல் செல்கள். அதனால் மெல்லிய துருவ ஒளி நமக்குச் சாம்பல்தான். சில நொடிகள் ஒளியைச் சேர்த்துவைக்கும் கேமராவுக்கே பச்சை. சுவரொட்டிகளை நம்பி வருகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

படமெடுத்துத் தள்ளுவதாகச் சபதம் செய்திருந்தவனின் போன் 40 சதவீதத்தில் அணைந்துபோனது. குளிரில் லித்தியம் அயனிகள் மந்தமாகி, பேட்டரியின் உள்தடை கூடி, மின்னழுத்தம் சரிந்துவிடும். சார்ஜ் தீரவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. அதை அக்குளில் வைத்துக்கொண்டு அவனும் எங்களோடு அண்ணாந்து பார்த்தான். பட்டை பளீரென்று வீங்கியபோது அதன் கீழ் ஓரத்தில் பச்சை தெரிந்தது; வெறுங்கண்ணுக்கே. ஒருவரும் பேசவில்லை.

போனுக்கு உயிர் வந்தபோது வானத்தில் நட்சத்திரங்கள் மட்டும்தான் இருந்தன.