எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் எவ்வளவு தூரம்?



பெண்ணாடம் பக்கம் வெள்ளாற்றை ஒட்டி நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறீர்கள். 2015-ம் ஆண்டு தொடங்கிய மண் வள அட்டையில் கார அமில நிலை, அதாவது பி.எச்., என்று ஓர் எண் இருக்கும். உங்கள் வயலுக்கு 8.5, பக்கத்து வயலுக்கு 9.5 என்று வைத்துக்கொள்வோம். "ஒண்ணுதானே கூட இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஒன்று, பத்து மடங்கு!

எப்படி என்று பார்ப்போம். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. சலவைச் சோடாவின் காரம். தண்ணீரில் அதைத் தருவது ஹைட்ராக்சைடு அயனி. புளிப்பைத் தருவது ஹைட்ரஜன் அயனி. ஒன்று பத்து மடங்கு ஏறினால் மற்றது பத்து மடங்கு இறங்கும்.

1909-ல் டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் வகுத்த அளவு இது. கணக்கு சுலபம். ஒரு லிட்டரில் இத்தனை மோல் ஹைட்ராக்சைடு என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். லட்சத்தில் ஒரு பங்கு மோல் என்றால், லட்சத்துக்கு ஐந்து சைபர். 14-ல் 5 போக 9. அதுதான் பி.எச். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் நாலு சைபர். 14-ல் 4 போக 10. சுத்தமான தண்ணீரில் கோடியில் ஒரு பங்கு, ஏழு சைபர், பி.எச். 7, நடுநிலை. அளவு இரட்டித்தால் 0.3 கூடும். லட்சத்தில் இரண்டு பங்கு என்றால் 9.3. இந்த 14 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கு உரிய கணக்கு.

சரி, இதனால் நமக்கு என்ன? சோடியம் மிகுந்து பி.எச். 8.5-க்கு மேலே போனால் அது களர் நிலம். காய்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். நீங்கள் கொடுத்த காசும் கூடவே போகிறது.

இதற்கு மருந்து ஜிப்சம். எவ்வளவு போடுவது என்பதை பி.எச். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மண் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, ஜிப்சம் தேவை எவ்வளவு என்று கேளுங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். முதலில் வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். ஜிப்சத்தைத் தூவி உழுது, நல்ல தண்ணீரைத் தேக்கி, பிறகு வடித்துவிடுங்கள். சோடியம் அந்தத் தண்ணீரோடுதான் வெளியேற வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் வீண். அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுண்ணாம்பு போடுவது புளிப்பு நிலத்துக்கு; களர் நிலத்துக்கு அல்ல. வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள்.