செம்பனை டீசல் பசுமையானதா?

நிலத்தடி எண்ணெய்க்குப் பதிலாகப் பயிர்களிலிருந்து எரிபொருளும் பிற பொருள்களும் பெறுவதே உயிரிப் பொருளாதாரம். மலேசியாவில் அதன் முகம் செம்பனை. 2006-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2019-இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலப்பது நடைமுறைக்கு வந்தது.

இதற்கான வாதம் எளிது. எரியும்போது வெளியேறும் கரியமில வாயு, மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்; ஆகவே கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். ஆனால், அந்த மரம் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?

காட்டை அழித்து நட்டால், அங்கே சேர்ந்திருந்த கரிமம் முதலில் காற்றில் கலக்கிறது. செம்பனை டீசலால் அந்தக் கடனை அடைக்க ஏறத்தாழ 86 ஆண்டுகள் ஆகும் என்று 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு கணித்தது. கரிச்சதுப்பு நிலக் காடு என்றால் 400 ஆண்டுகளுக்கும் மேல். ஆனால், ஏறக்குறைய 25 ஆண்டுகளிலேயே மரத்தை வெட்டி மறுநடவு செய்துவிடுகிறோம்!

பழைய ரப்பர்த் தோட்டத்தில் நட்ட செம்பனைக்கு இவ்வளவு கடன் இல்லை. எனினும், சமையலுக்குப் போக வேண்டிய எண்ணெய் வண்டிக்குப் போனால், அந்தக் குறையை நிரப்ப வேறெங்கோ காடு விழலாம்.

செம்பனையை வெறுத்து ஒதுக்குவதும் தீர்வன்று. ஒரு ஹெக்டரில் சோயாவைவிடப் பன்மடங்கு எண்ணெய் தருவது அது. ஆலைக் கழிவுநீரில் எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்கலாம். அதற்குப் புதிய நிலம் வேண்டாம்.

தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம்மில் பலருக்கு இது வெறும் பாடநூல் செய்தியன்று. ‘பசுமை’ என்ற முத்திரையைக் கண்டால், எந்த நிலம், எவர் உழைப்பு என்று கேட்கப் பழகுவோம்.